மூன்று மாதம் போகட்டும்

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நீங்கள் பதறாமல் படிக்கலாம். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் குரலை உயர்த்திவிடுகிறோம். இனி எல்லாவற்றையும் மெயிலில் கடிதமாக எழுதிக்கொள்வோம் என்று போன வருடம் நீங்கள் சொன்னது நல்ல யோசனை. எழுதினால் ஒரு தடவை படித்துப் பார்த்துக் காரத்தைக் குறைத்து அனுப்பலாம்.

குருவிக்குக் கோவிட் வந்ததும் தனி அறையில் இருந்ததும் அவளே உங்களுக்கு வீடியோவில் சொல்லியிருப்பாள். காய்ச்சல் போய்விட்டது, இருமல் போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினால், "சித்தி, ஜெயில்லகூட என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேப்பாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நீங்கள் அனுப்பியிருந்த, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவிதான் அந்த நாட்களில் எனக்குத் துணை. வேளைக்கு ஒரு தடவை அவள் விரலில் மாட்டி, எண்ணைப் பார்த்து மூச்சு விட்டேன். அதற்கு உங்களுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தகும்.

இப்போது விஷயம். அவளுக்கு இரண்டாவது தடுப்பூசி பிப்ரவரி எட்டாம் தேதிக்குப் பதிவு செய்திருந்தோம். ஐந்தாம் தேதியே காய்ச்சல் வந்துவிட்டது. நேற்று அவளைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன். பதினாறு வயதில் பொம்மை யானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதில் அவளுக்கு மானம் போகிறது. டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காய்ச்சல் விட்டும் இவளுக்கு நெஞ்சு படபடக்குது. பயப்பட ஒண்ணுமில்ல, மெல்ல அடங்கிடும். ஆனா ரெண்டாவது ஊசிக்கு அவசரப்படாதீங்க. மூணு மாசம் போகட்டும். இதை எல்லாருக்கும் சொல்லல, இவளுக்குச் சொல்றேன்."

காய்ச்சல் வந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்றால் மே முதல் வாரம். உங்களிடம் வருவதாக நாங்கள் மூவரும் டிக்கெட் வைத்திருப்பது ஏப்ரல் இருபத்து நான்கு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவரிடம் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, யாரோ லிப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நீங்கள் அவரோடு குடித்தனம் செய்தவர், உங்களுக்குத் தெரியாததா!

என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
குருவியின் சித்தி


பிப்ரவரி 22

குருவியின் சித்திக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்கு நடுவில், கவுன்டருக்கு அடியில் வைத்துப் படித்தேன். காய்ச்சலில் கிடந்த என் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்துக்கு முதலில் கும்பிடு போடுகிறேன். வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆனால் ஏப்ரலை விட்டுவிட முடியாது. உங்களுக்கு என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயணிகளின் பெட்டியை எடை போட்டு, கையில் போர்டிங் பாஸைக் கொடுத்துச் சிரித்து அனுப்புவது பாதி வேலை. மீதிப் பாதி, திருப்பி அனுப்புவது. போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. ஐந்து பேர், ஏழு பெட்டி. நான்கு பேருக்குச் சான்றிதழ் சரி. மூத்த பெண்ணுக்கு இரண்டாவது ஊசி போட்டு இன்னும் பதினான்கு நாள் ஆகவில்லை. "மூணு நாள்தானே மேடம் குறையுது" என்று அந்தத் தகப்பன் கேட்டார். பெல்ட்டில் ஏற்றிய பெட்டிகளை நானே ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்த இடத்தில் குருவி நிற்பதுபோல எனக்குத் தோன்றியது.

இந்த நாட்டுக்குள் வரவும் அதே விதிதான், பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் இரண்டு ஊசியும் முடிந்து பதினான்கு நாள் ஆகியிருக்க வேண்டும். நோய் வந்து போனது என்ற சான்றிதழை இங்கே மதிப்பதில்லை. ஏப்ரல் எட்டுக்குள் போட்டுவிட்டால் தப்பித்தோம். நான் இங்கே இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். நோய் குணமானதும் போடலாம் என்றுதான் இருவரும் சொன்னார்கள். அவள் பள்ளி விடுமுறை வெறும் மூன்று வாரம். அதை விட்டால் அடுத்த வருடம்தான். எல்லைகளை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். அவள் கடைசியாக இங்கே வந்து போய், நான் என் மகளைத் தொட்டு, மூன்று வருடம் ஆகிறது. அவள் இப்போது என்னைவிட உயரம் என்கிறாள். திரையில் உயரம் எங்கே தெரிகிறது?

தயவுசெய்து ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள்.

நன்றியுடன்,
குருவியின் அம்மா


மார்ச் 6

அக்காவுக்கு,

இதை மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் ஊசி போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

உங்கள் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நெஞ்சுக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டும் நல்லபடி. உங்கள் இரண்டு டாக்டர்கள் சொன்னதையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவங்க சொன்னது தப்பில்ல. இவளைப் பாக்காம சொன்னாங்க, அவ்வளவுதான். படபடப்பு முழுசா அடங்கட்டும். நோய் வந்து போனதே கொஞ்ச நாளைக்கு ஒரு காவல்தான். ஊசி தள்ளிப் போறதால நஷ்டம் இல்ல, பயணம் தள்ளிப் போறதுதான் நஷ்டம்" என்றார். பயணம் தள்ளிப் போவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் என்னை ஒரு நாளாவது திட்டியிருக்கிறார்கள். ரோடு காலியாகத்தானே இருக்கிறது, ஏன் மிதித்தீர்கள் என்பார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று பக்கத்து சீட்டிலிருந்து எனக்குத் தெரிந்திருக்கும். எல்லா நேரமும் நான் நினைத்தது சரி என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மிதித்துவிடுவேன்.

குருவி மாடி ஏறும்போது பாதியில் நிற்கிறாள். லிப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் இல்லை, என் தலையெழுத்து. நான்கு மாடி ஏற வேண்டியிருக்கிறது. இந்தப் படபடப்பு போகட்டும் அக்கா. டிக்கெட்டைத் தள்ளிப்போட வழி உண்டா என்று பாருங்கள்.

அன்புடன்,
குருவியின் சித்தி


மார்ச் 14

குருவியின் சித்திக்கு,

ஞாயிற்றுக்கிழமை குருவியோடு பேசினேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சூப்பரா இருக்கேம்மா, நேத்து பேட்மிண்டன் ஆடினேன்" என்றாள். படபடப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ போச்சு" என்றாள்.

இருவரில் யார் சொல்வதை நான் நம்புவது?

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன், நீங்கள் கோபித்தாலும் சரி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் இங்கே வந்து என்னோடு இருந்து படிக்கிறாயா என்று போன டிசம்பரிலேயே அவளிடம் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றாள். அது உங்கள் காதுக்கு வராமல் இருந்திருக்காது. இங்கே வந்து, போன வருடம் நான் மாறிய புது வீட்டையும் அவளுக்காக நான் ஒழித்து வைத்திருக்கும் அறையையும் பார்த்தால் அவள் மனம் மாறிவிடுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அதற்கு டாக்டரைத் துணைக்கு அழைக்கிறீர்கள். ஒன்பது வயதில் அவளை விட்டுவிட்டு வேலைக்காகக் கடல் தாண்டி வந்தவள்தான் நான். அதற்காக என் பிள்ளையைப் பார்க்கிற உரிமைகூடப் போய்விட்டதா?

காரத்தைக் குறைக்காமலே அனுப்புகிறேன்.

குருவியின் அம்மா


மார்ச் 16

அக்காவுக்கு,

கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. ஆமாம், பயப்படுகிறேன். அவள் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவாளோ என்று டிசம்பரிலிருந்தே பயப்படுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. ஒரு மாதம் என்னோடு பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், "பசிக்குது சித்தி" என்றாள். அன்றைக்கு விழுந்தவள்தான் நான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்டவள் பயப்படாமல் எப்படி இருப்பேன்?

ஆனால் அந்தப் பயத்துக்காக ஊசியைத் தள்ளிப்போடவில்லை. அவளுடைய நெஞ்சை வைத்து நான் விளையாடுவேன் என்று நீங்கள் நினைத்ததுதான் எனக்கு வலித்தது.

பேட்மிண்டன் ஆடினது உண்மை. பத்துப் பந்து அடித்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். உங்களிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அம்மா அங்க தனியா இருக்காங்க சித்தி. நான் முடியலன்னு சொன்னா யார்கிட்ட போய் அழுவாங்க?" என்றாள். அவள் உங்களிடம் பொய் சொன்னது உங்கள்மேல் உள்ள பாசத்தால்தான். அவளைத் திட்டாதீர்கள்.

குருவியின் சித்தி


மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கு எடுத்துக்கொண்ட உரிமையை நன்றி சொல்லவும் வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகும் எனக்குச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை, என் புத்தி அப்படி. நேற்று குருவியைக் கூப்பிட்டு, "போனைக் கையில பிடிச்சுக்கிட்டு கீழேயிருந்து நாலு மாடியும் ஏறு, நான் பாக்கணும்" என்றேன். "எதுக்கும்மா?" என்று மழுப்பினாள். விடவில்லை. முதல் மாடியில் பேசிக்கொண்டே ஏறினாள். இரண்டாவது மாடியில் பேச்சு நின்றது. மூன்றாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. "போதும், உக்காரு" என்று கத்திவிட்டேன்.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை தண்ணீர் பாட்டிலை நீட்டியது. முகம் தெரியவில்லை, கை மட்டும்தான். கீழ்ப்படியிலிருந்தே நீ ஓசைப்படாமல் அவள் பின்னால் ஏறி வந்திருக்கிறாய். நான் உன்னை இப்படிச் சோதிக்கிறேன் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். என் மகளுக்காகப் பாதி, நான் எழுதின கடிதத்துக்காகப் பாதி. மன்னித்துவிடு.

அவள் ஏப்ரலில் வர வேண்டாம். டாக்டரம்மா சொன்னபடி மூன்று மாதம் போகட்டும்.

இன்று காலை கவுன்டரில் நின்று யாருக்கோ ஜன்னலோர சீட் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. எனக்குப் பூஸ்டரோடு சேர்த்து மூன்று ஊசியும் முடிந்துவிட்டது. லீவும் இருக்கிறது. நாள் முழுக்க ஊரை எல்லாம் விமானம் ஏற்றி அனுப்புகிறேன். நான் ஏறி வரலாம் என்பது மட்டும் இத்தனை நாளாக என் மண்டையில் ஏறவே இல்லை! விவாகரத்து முடிந்து கிளம்பியபோது இனி அந்த ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அதைக் கேட்க அன்றைக்கு ஆட்டோக்காரரைத் தவிர யாரும் இல்லை. யாருக்குக் கொடுத்த வாக்கை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

மே ஒன்றாம் தேதி வருகிறேன். பன்னிரண்டாம் தேதி திரும்ப வேண்டும். பக்கத்தில் நல்ல ஹோட்டல் இருந்தால் சொல்.

உன் அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

ஹோட்டல் என்ற வார்த்தையை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குருவியின் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. அவள் துணிகளைத் தரையிலிருந்து எடுத்தால்.

செய்தியைச் சொன்னதும் அவள் வீடு முழுக்க ஓடினாள். பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்தாள், நான் திட்டினேன், உட்கார்ந்தபடியே கையைத் தட்டினாள். அவருக்குத்தான் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. "அவ வந்தா நான் என்ன பேசறது?" என்று என்னிடமே கேட்கிறார். "வாங்கன்னு சொல்லுங்க, மீதியை நாங்க பேசிக்கிறோம்" என்றேன். ஐந்து வருடமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்த குளியலறைக் கதவுக்கு இன்று விடிந்ததும் எண்ணெய் போட்டார். நீங்கள் அடிக்கடி வந்தால் வீடு உருப்படும்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் எட்டு மாடி ஏறச் சொல்லியிருப்பேன். என்னைத் தங்கை என்று எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. கடவுள் கொடுக்காததை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

ஊசிக்கு மே ஒன்பதாம் தேதி பதிவு செய்திருக்கிறேன். முதல் வாரத்தில் டாக்டரம்மா மறுபடி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். அன்றைக்கு நீங்களும் கூட இருப்பீர்கள்.

உங்கள் தங்கை


மே 14

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நேற்றே வேலைக்கும் போய்விட்டேன். கவுன்டரில் நிற்கும்போதெல்லாம் தானாகச் சிரிப்பு வருகிறது, பக்கத்து கவுன்டர் பெண் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறாள். படபடப்பு அடங்கிவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன பிறகு குருவிக்கு ஊசி போட்ட கதையை அவளிடம் சொன்னேன்.

"பிள்ளையோட பெரியவங்க ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க" என்று அந்த நர்ஸ் சொன்னதும், "நீங்க போங்கக்கா" என்று நீ என்னைத் தள்ள, "நீதான் எல்லாம் பாத்துக்கிட்ட, நீ போ" என்று நான் உன்னைத் தள்ள, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நமது மரியாதை முடிவதற்குள் குருவி தானே உள்ளே போய், போட்டுக்கொண்டு, கையில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்து, "முடிஞ்சுதா ரெண்டு பேருக்கும்?" என்றாள். அவள் உண்மையிலேயே என்னைவிட உயரம். வந்த அன்றே கட்டிப்பிடித்தபோது என் நெற்றி அவள் தாடையில் இடித்தது.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மென்று விழுங்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்களே, அப்போது நீ காரை எடுத்து வருவதாகச் சொல்லிப் போனாய். நானும் அவளும்தான் இருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அடுத்த வருஷம் உங்ககிட்ட வந்து படிக்கட்டுமா?" என்றாள். நான் கேட்கவில்லை தங்கச்சி. சத்தியமாக அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. உன் வீட்டில் எட்டு நாள் இருந்து, நீ அவளுக்குக் காலையில் நாடி பிடித்துப் பார்ப்பதையும் அவள் பரீட்சைக்குப் படிக்கும்போது எதிரே சும்மா உட்கார்ந்திருப்பதையும் பார்த்த பிறகு, கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதைக் கேட்கத்தானே ஏழு வருடம் காத்திருந்தேன்! துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு முதலில் உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. "வா" என்றேன். "சித்திகிட்ட நான் சொல்றேன், நீ சொல்லாத" என்றும் சொன்னேன். அங்கே இருந்த மீதி நாளெல்லாம் உன்னிடம் சொல்ல முயன்றேன். சமையலறையில் ஒரு தடவை, விமான நிலையத்தில் ஒரு தடவை. முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவளை உன்னிடமிருந்து பறிப்பதாக நினைக்காதே. கடல் தாண்டித் தனியாகக் கிளம்பும் தைரியம் அவளுக்கு இருக்கிறது என்றால் அது நீ வளர்த்த தைரியம். அதற்கு நன்றி சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு வரி எழுது. நானே அவளிடம் பேசி நிறுத்திவிடுகிறேன்.

உன் அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இவ்வளவு நாள் இதை வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தீர்கள் என்று தெரிந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். எனக்கு முன்பே தெரியும்.

ஊசி போடப்போன அன்று காலை நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "சித்தி, நான் அம்மாகிட்ட போய்ப் படிச்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"இருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அப்ப வேணாமா?"

"கஷ்டமா இருக்கும்னுதான் சொன்னேன். போகாதேன்னு சொல்லலையே."

அவள் திரும்பி என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். பின்னல் அவிழ்ந்து, மறுபடி முதலிலிருந்து பின்னினேன். "இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிடு. என்கிட்ட கேட்டேன்னு மட்டும் சொல்லாத. அவங்க காதுலதான் இது முதல்ல விழுந்த மாதிரி இருக்கட்டும்" என்றேன். அவள் நடந்த முதல் அடியை நீங்கள் பார்த்தீர்கள், முதல் வார்த்தையை நீங்கள் கேட்டீர்கள். நடுவில் வந்த எத்தனையோ முதல்கள் எனக்குக் கிடைத்துவிட்டன. இதுவாவது உங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தோன்றியது.

கார் பக்கத்துத் தெருவில்தான் நின்றது. அதை எடுத்து வர அரை மணி நேரம் ஆகாது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அழுதேன், பொய் சொல்லவில்லை. பிறகு கண்ணாடி வழியாக நீங்கள் இருவரும் வாசலுக்கு வருவதைப் பார்த்தேன். அவள் தோளைச் சுற்றிக் கை எட்டாமல் நீங்கள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்.

அவளை அனுப்ப எனக்குச் சம்மதம். கொண்டுவந்து விட நானும் வருவேன்.

இத்தனை வருடம் அவளை என்னிடம் விட்டுவைத்ததற்கு நன்றி, அக்கா.

உங்கள் தங்கை